மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’

ஆண்டுதோறும் ஆனித் திங்களை ஒட்டி, ஆளந்தியிலிருந்து ஞானதேவர் பாதுகைகளும் தேஹுவிலிருந்து துகாராம் பாதுகைகளும் பல்லக்கேறிப் புணே நகரின் வழியே பண்டரிபுரம் செல்வதை, இந்நகர்வாழ் தமிழராகிய நாம் கண்டு வருகின்றோம். தலையில் துளசிமாடம் சுமந்த பெண்களும், கையில் தாளம் ஏந்திய உழவர்களும் மழையில் நனைந்தவாறே நடப்பர். அலுவலகத்திற்கு விரையும் பேருந்துகள் அவர்களுக்கு வழிவிட்டு நிற்கும். இத்தனை பேரும் நடந்து சென்று காணப்போகும் தெய்வம், இடுப்பில் கைவைத்து ஒரு செங்கல்லின்மேல் நிற்கும் தெய்வம். அது நிற்பதன் காரணத்தைச் சிறு குழந்தையும் சொல்லும். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த மகன் ஒருவன், வாயிலில் வந்து நின்ற இறைவனுக்கு ஒரு செங்கல்லை இட்டு, ‘சற்றுப் பொறுத்திரு’ என்றானாம். அவன் பெயர் புண்டலீகன்.

இக்கதையின் சாயலில் எழுந்த தமிழ்த் திரைப்படம் ஒன்று, தீபாவளித் திருநாளில் வெளிவந்து, ஒரே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ‘ஹரிதாஸ்’ என்னும் அப்படத்தின் வரலாற்றையும், அது மக்கள் நினைவில் நிலைபெற்ற காரணத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திரைப்படம் இலக்கிய மலரில் இடம்பெறத் தகுமோ என ஐயுறுவார் இருக்கலாம். ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்த பாடல்களையும், அத்தலைமுறை கண்ணீர் விட்ட கதையையும் விலக்கிவிட்டு அக்காலத்துத் தமிழர் உள்ளத்தை அறிய வேறு வழி எளிதன்று என்பதே நம் விடை.

கதையின் வேர்

மராத்தி மொழியில் மஹிபதி என்பார் 1762இல் இயற்றிய ‘பக்த விஜயம்’ அடியார்களின் வரலாறுகளைத் தொகுத்துக் கூறும் நூல். தஞ்சையை 1676 முதல் 1855 வரை மராட்டிய மன்னர் ஆண்டமையால், மராத்திக் கீர்த்தன மரபு காவிரிக்கரையில் வேரூன்றியது. பின்னர்த் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றோர் அதனைத் தமிழ் ஹரிகதையாக வளர்த்தனர். ஆகவே பண்டரிநாதனும் புண்டலீகனும் தமிழருக்கு அயலார் அல்லர். கோயில் மண்டபங்களிலும் பஜனை மடங்களிலும் அவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் முன்னோர்.

இந்தியத் திரைக்கலையின் தொடக்கத்திலும் புண்டலீகனே நிற்கின்றான் என்பது வியப்புக்குரியது. தாதாசாகேப் தோர்ணே, மராத்தி நாடகம் ஒன்றைப் படமாக்கி, ‘ஸ்ரீ புண்டலீக்’ என்னும் பெயரில் 1912ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பம்பாய் கிர்காம் பகுதியிலிருந்த காரனேஷன் அரங்கில் திரையிட்டார். பால்கே அவர்களின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டிலேயே. புணே பிரபாத் நிறுவனத்தார் 1936இல் எடுத்த ‘சந்த் துகாராம்’ பம்பாயில் ஓராண்டுக்கு மேல் ஓடியதையும் இங்கு நினைக்கலாம். பக்தியும் பாட்டும் இணைந்த படத்திற்கு இந்நாட்டு மக்கள் காட்டிய ஆதரவு, ஹரிதாஸுக்கு முன்பே உறுதிப்பட்டிருந்தது.

தீபாவளி நாளில்

1944ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், நரக சதுர்த்தசியன்று, ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. மதுரை ராயல் டாக்கீ டிஸ்டிரிபியூட்டர்ஸ் நிறுவனத்தார் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் இதனைத் தயாரித்தனர். இயக்கியவர் மங்களூரைச் சார்ந்த சுந்தர் ராவ் நட்கர்ணி. ‘கண்ணகி’ படத்திற்கு உரையாடல் எழுதிப் புகழ்பெற்றிருந்த இளங்கோவனே இதற்கும் உரையாடல் எழுதினார். கதை மராட்டியத்தின் பக்தி மரபினது, இயக்குநர் கன்னடக் கரையினர், பொருள் மதுரையினது, படமனை கோவையினது, புகழ் சென்னையில் விளைந்தது. மாநிலம் கடந்து வாழும் நம் போன்றோர்க்கு இக்கூட்டுறவு தனி மகிழ்ச்சி தருவதாகும்.

கதை எளியது. செல்வச் செருக்குற்ற இளைஞன் ஹரிதாஸ் குதிரைமீது பாடிக்கொண்டே நமக்கு அறிமுகமாகின்றான். பெற்றோரைத் துன்புறுத்துகின்றான், மனைவியைப் புறக்கணிக்கின்றான், ரம்பா என்னும் கணிகையின் மயக்கில் வீழ்கின்றான். அவள் அவன் செல்வத்தைக் கவர்ந்துகொள்கின்றாள். நிலைகெட்டு அலைந்து, கால்களையும் இழந்து, மண்ணில் ஊர்ந்து செல்லும் நிலையில் தாயையும் தந்தையையும் எண்ணி உருகுகின்றான். அவர்தம் அடிகளை அடைந்து மீண்டும் கால்பெற்று எழுகின்றான். எஞ்சிய வாழ்நாளைப் பெற்றோர் பணியிலும் இறைபணியிலும் கழிக்கின்றான்.

பதினோராயிரம் அடி

இப்படத்தின் அமைப்பை அறிய அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். அஃது இரண்டாம் உலகப்போரின் காலம். பர்மாவிலிருந்து 1942இல் நடந்தே தாயகம் திரும்பிய தமிழர் பலர். அரிசிக்குப் பங்கீடு, துணிக்குத் தட்டுப்பாடு. படச்சுருள் கப்பலில் வரவேண்டிய பண்டமாதலின் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என அரசு வரையறுத்தது. நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி என்னும் ஓட்டத்தில் அஃது இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட காட்சியே ஆகும்.

இக்கட்டுப்பாடு தமிழ்ப்படத்தின் இயல்பையே மாற்றியது எனலாம். எம். கே. தியாகராஜ பாகவதரின் முதற்படமான ‘பவளக்கொடி’ 1934இல் வந்தபோது, அதில் பாடல்கள் ஐம்பதளவில் இருந்தன. மேடை நாடகத்தை அப்படியே படச்சுருளில் ஏற்றிய காலம் அது. பதினோராயிரம் அடிக்குள் கதையும் கூறிப் பாட்டும் பாடி நகைச்சுவையும் காட்டவேண்டுமாயின், ஒவ்வொரு பாட்டும் தன் இடத்திற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும். ஹரிதாஸில் செருக்குக்கு ஒரு பாட்டு, மயக்கத்திற்கு ஒரு பாட்டு, வீழ்ச்சிக்கு ஒரு பாட்டு, தெளிவுக்கு ஒரு பாட்டு எனப் பாடல்களே கதையின் படிகளாக நிற்கின்றன. பஞ்சம் சமைப்பவளைச் சிக்கனம் பழக்குவதுபோல், போர் இப்படத்தைச் செறிவாக்கியது.

பாட்டின் ஆட்சி

பாடல்களை இயற்றியவர் பாபநாசம் சிவன். இசைக்குழுவை அமைத்தவர் ஜி. இராமநாதன். கோயில் வீதிகளில் பஜனை பாடி வளர்ந்த சிவனார், கற்றவர் போற்றும் இராகங்களைக் கல்லாதவர் நாவிலும் தவழச் செய்த பெரியார். ‘மன்மத லீலை’ எனத் தொடங்கும் பாடல் சாருகேசி இராகத்தில் அமைந்தது. மேளகர்த்தா வரிசையில் 26ஆவதாகிய இவ்விராகம் அக்காலத்தில் பரவலாக வழங்கியதன்று. இப்படத்திற்குப் பின் தெருவிற் செல்வாரும் அதனைப் பாடினர். பெயர் தெரியாமலே பாடினர். ‘கிருஷ்ணா முகுந்தா’ என்னும் நவரோஜ் பாடலும் அவ்வாறே திருமணப் பந்தல்களிலும் பஜனைகளிலும் குடிபுகுந்தது. ‘மன்மத லீலை’ என்னும் தொடரைத் தலைப்பாகக் கொண்டு 1976இல் கே. பாலச்சந்தரும், 2022இல் வெங்கட் பிரபுவும் படம் எடுத்தனர் என்றால், பாட்டின் ஆயுளை அளக்க வேறு அளவுகோல் வேண்டுவதில்லை.

பாகவதர் குரல் உச்ச தாயியில் இழையறாது நிற்கும் இயல்பினது. நடிப்பில் அவர் பெரிதும் முயன்றவர் அல்லர்; பாட்டே அவர் நடிப்பு. அக்குரல் ஆணவத்தைப் பாடும்போதும் இனிக்கின்றது. அழுகையைப் பாடும்போதும் இனிக்கின்றது. தீயவனாக வரும் முதற்பாதியிலேயே ஹரிதாஸை நாம் வெறுக்க இயலாமற்போவது அதனாலேயே. திருந்துவதற்கு முன்பே மன்னிக்கப்பட்டவனாக அவனைப் பாட்டு நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கின்றது.

ரம்பாவாக நடித்த டி. ஆர். ராஜகுமாரி, ‘மன்மத லீலை’ காட்சியில் கையால் முத்தமொன்றைப் பறக்கவிடுவார். அந்நாளில் அது பெரும் பேச்சாயிற்று. மனைவி இலக்குமியாக வந்த என். சி. வசந்தகோகிலம் கச்சேரி மேடையில் முன்னணியில் நின்ற இசைவாணர். 1951இல், முப்பது கடந்த இளமையிலேயே, அவர் மறைந்தார். அவர்தம் குரலோடு உருவத்தையும் காட்டும் ஆவணமாகவும் இப்படம் விளங்குகின்றது. என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நகைச்சுவைப் பகுதியைத் தாங்கினர்.

திரையில் மீட்சி, வாழ்வில் சிறை

படம் வெளிவந்து மூன்று வாரங்கள் சென்றன. நவம்பர் 8ஆம் நாள், ‘இந்து நேசன்’ இதழின் ஆசிரியர் இலட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியாற் குத்தப்பட்டார், மறுநாள் உயிர்நீத்தார். திரையுலகினரைப் பற்றி அவதூறு எழுதியவர் என அவர்மீது பலருக்கும் பகை இருந்தது. டிசம்பர் இறுதியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதத்தில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடு பயன் தரவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, மறு ஆய்வுக்கென மீண்டது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர்.

இக்காலவரையறையை ஹரிதாஸின் தீபாவளிகளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். 1944 தீபாவளியன்று பாகவதர் தமிழ்நாட்டின் தனிப்பெரும் நடிகர். 1945 தீபாவளியன்று, போர் முடிந்து ஊரெல்லாம் மூச்சுவிட்ட வேளையில், அவர் தண்டனைக் கைதி. 1946 தீபாவளியன்று, தில்லியில் இடைக்கால அரசு அமைந்து விடுதலை வாயிலில் நின்ற வேளையிலும், அவர் கைதியே. சென்னை பிராட்வே திரையரங்கிலோ நாள்தோறும் அவர் குதிரையேறிப் பாடினார், நாள்தோறும் வீழ்ந்தார், நாள்தோறும் மீண்டார். அருகிலேயே கிருஷ்ணன் மக்களைச் சிரிக்கச் செய்தார். பொழுதுபோக்கெனத் தொடங்கிய படம் இதனால் ஒரு வேண்டுதல்போல் ஆயிற்று எனக் கூறுவது மிகையாகாது.

எம் பாட்டியார் அந்நாளில் சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர். பிராட்வேயில் நான்கு முறை இப்படம் பார்த்தவர். கதை தெரிந்த பின்னும் ஏன் சென்றீர்கள் என இளமையில் வினவியதுண்டு. “உள்ளே இருக்கிறவரை வேறு எங்கே போய்ப் பார்க்கிறது?” என்றார். வரலாற்று நூல்கள் பல சொல்லும் காரணங்களினும் இவ்விடை தெளிவானது.

நாட்கணக்கும் காரணமும்

இப்படம் மூன்றாண்டுகள் ஓடியதாகச் சிலர் எழுதுவது கணக்குப் பிழை. 1944 அக்டோபரில் தொடங்கியது மூன்றாம் தீபாவளியைக் காண ஈராண்டும் சில நாட்களும் போதும். ஈராண்டு கடந்து ஓடியது என்பதே பொருந்தும். அதுவே பெருஞ்செயல். சென்னை சாந்தி திரையரங்கில் 2005இல் வெளியான ‘சந்திரமுகி’ நெடுநாள் ஓடியபோது, அறுபதாண்டு கடந்தும் ஒப்புமைக்கு எடுத்துப் பேசப்பட்டது ஹரிதாஸே.

ஓட்டத்திற்கான காரணங்கள் சிலவற்றை நடுநிலையோடு கூறலாம். படச்சுருள் தட்டுப்பாட்டால் புதுப்படங்கள் குறைந்தன; எனவே ஓடும் படத்தை மாற்ற வேண்டிய நெருக்கடி அரங்குகளுக்கு இல்லை. போர்க்கால வேலைகளால் நகரங்களில் கைக்காசு புழங்கியது. கல்கத்தா ராக்ஸி அரங்கில் 1943இல் வெளியான ‘கிஸ்மத்’ என்னும் இந்திப்படம் மூன்றாண்டுக்கு மேல் ஓடியதும் இச்சூழலிலேதான். மூன்றாவதாக, பாகவதர் சிறைப்பட்டதால் அவருடைய புதுப்படங்கள் வருவது நின்றது. இரசிகர்க்கு எஞ்சியது இஃதொன்றே.

ஆயின் இவை ஓடியதற்குக் காரணங்களேயன்றி நிலைத்ததற்குக் காரணங்கள் ஆகா. போர் முடிந்தது, தட்டுப்பாடு நீங்கியது, பாகவதர் விடுதலை பெற்றார். அதன்பின் அவர் நடித்த ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’, ‘புதுவாழ்வு’ ஆகியன பழைய வெற்றியைத் தரவில்லை. திரையில் இழந்த அனைத்தையும் மீளப்பெற்ற ஹரிதாஸ், வாழ்வில் மீளப்பெறவில்லை. 1959 நவம்பர் முதல் நாள், 49ஆம் அகவையில் அவர் மறைந்தார். அவருடைய மாபெரும் வெற்றிகளுள் ஒன்றான ‘சிந்தாமணி’யின் படச்சுருளும் அழிந்தது. ஹரிதாஸோ அழியாது எஞ்சியது.

ஒரு குறை

போற்றுதற்குரியதைப் போற்றுவோர் குறையையும் கூறல் கடன். ஹரிதாஸின் வீழ்ச்சிக்கு உரிய பழியிற் பெரும்பங்கைப் படம் ரம்பாவின்மேற் சுமத்துகின்றது. கணிகையர் குலம் எவ்வாறு தோன்றியது, யாருடைய செல்வம் அதனை வளர்த்தது என்னும் வினாக்கள் அங்கு எழவில்லை. படம் ஓடி முடிந்த மறு ஆண்டே, 1947இல், சென்னை மாகாணம் பெண்களைத் தேவதாசியராகப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தது. மனைவியின் துயரமும் மகனின் திருந்துதலுக்குத் துணைக்கதையாகவே நின்றுவிடுகின்றது. எனினும் ராஜகுமாரியின் கண்களில் ஒளிரும் அறிவும், வசந்தகோகிலத்தின் பாட்டில் நிற்கும் பெருமிதமும், எழுதப்பட்ட கதைக்கு அப்பாலும் நமக்குச் சிலவற்றைக் கூறுகின்றன. ராஜகுமாரி பின்னாளில் சென்னைத் தியாகராய நகரில் தம் பெயரால் திரையரங்கம் எழுப்பினார். திரையில் பிறர் பொருளைக் கவர்ந்தவளாக வந்தவர், வாழ்வில் தம் உழைப்பால் பொருள் ஈட்டியவர்.

நிலைபெற்றது எதனால்?

தீபாவளி வீடு திரும்பும் திருநாள். புத்தாடையும் பலகாரமும் பின்னர் வருவன. விடியலில் தாயின் கை தலையில் வைக்கும் எண்ணெயே அத்திருநாளின் தொடக்கம். அவ்வெண்ணெய்க் குளியலை முடித்துக்கொண்டு, பிற்பகற் காட்சிக்கு வீட்டாரோடு சென்ற மக்கள் திரையிற் கண்டது என்ன? வீட்டை மறந்த மகன் கால்களின்றி ஊர்ந்து வீடு திரும்பும் காட்சி. பர்மாவிலும் மலேயாவிலும் போர்முனையிலும் பிள்ளைகளை விட்டிருந்த பெற்றோர் அவ்வரங்கில் அமர்ந்திருந்தனர். தீபாவளிக்குத் திரும்பாத மகனைத் திரையிலே ஒருமுறை திரும்பக் கண்டனர். இப்படத்தின் கவர்ச்சி இதில் அடங்கியுள்ளது என்பதே நம் துணிபு. பாட்டு அக்கவர்ச்சிக்குச் சிறகு. சிறைச்செய்தி அதற்குக் கூர்மை. உயிரோ மகன் திரும்புதலே.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது பழங்கதையன்று. தமிழர் தீபாவளி சதுர்த்தசியில் வரும். நடுவண் அரசு அலுவலகங்களின் தீபாவளி விடுமுறை பெரும்பாலும் அமாவாசையில் வரும். ஆதலின் நம் திருநாளுக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுப்பது நம்மவர் பலர்க்கும் பழக்கமானதே. மராட்டிய அன்பர்களும் அச்சதுர்த்தசி விடியலில் எண்ணெய் நீராடுவதால் இந்நகரில் நமக்குத் தனிமை சற்றுக் குறைவு. எம் தந்தையார் மறைவதற்கு முன்வந்த தீபாவளிக்கு நாம் ஊர் செல்லவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று வீட்டிற்குத் தெரிவித்தோம். உண்மையில் விண்ணப்பமே கொடுக்கவில்லை. பொங்கலுக்குச் சென்றால் இரண்டு பயணம் ஒன்றாய்ப்போம் எனக் கணக்கிட்டோம். பொங்கல் வருமுன் தந்தி போன்றதொரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதன்பின் ஹரிதாஸைப் பார்க்கும்போதெல்லாம், மகன் ஊர்ந்து வரும் அக்காட்சியில் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்கின்றோம்.

படத்தில் ஹரிதாஸுக்குக் கால் மீண்டது. தந்தையின் காலடி அங்கு இருந்ததால் மீண்டது. இறைவனைச் செங்கல்லின்மேல் காத்திருக்கச் சொல்லலாம், இறைவன் காத்திருப்பான், பண்டரிபுரத்தில் இன்றும் காத்திருக்கின்றான். பெற்றோரைக் காத்திருக்கச் சொல்லுதல் ஆகாது. புண்டலீகனும் ஹரிதாஸும் உரைப்பது இவ்வொன்றே. வருகின்ற தீபாவளிக்கு ஊர் செல்ல வாய்ப்புள்ள அன்பர்கள், விடுப்பு விண்ணப்பத்தைக் காலத்தே கொடுத்துவிடுவார்களாக.